வீடு திருத்த கொன்சல்ரிங் எஞ்சினியர் வைச்சம்: பத்து மாச அனுபவம்

முதலே சொல்லிப்போடுறன், இது கொன்ராக்ரரைப் பற்றின ரிவியூ இல்லை. கொன்ராக்ரர் செய்யிற வேலையை எங்கட பக்கம் நிண்டு பாக்கிறதுக்கெண்டு தனியாக் காசு குடுத்து வைச்ச எஞ்சினியரைப் பற்றினது. யாழ்ப்பாணத்தில வீடு கட்டுற, திருத்துற ஆக்கள் கனபேர் இதை வீண் செலவெண்டுதான் நினைக்கினம், நானும் அப்பிடித்தான் நினைச்சனான், அதால ஒருக்கா நல்லா அழுதும் முடிஞ்சுது. அவற்ற பேரை இதில போடேல்லை, தனிய வேலை செய்யிற மனுசன், கேக்காமல் போடுறது முறையில்லை. ஆனா இப்பிடி ஒராளை வைக்கிறதெண்டால் என்னத்தைக் கேட்டு வைக்கோணும், என்ன கிடைக்கும், என்ன கிடையாது எண்டு எனக்குத் தெரிஞ்சதை முழுக்க எழுதுறன், வெளிநாட்டில இருந்து வீட்டுக்குக் காசு அனுப்புற ஆக்கள் கட்டாயம் வாசியுங்கோ.

எங்கட வீடு கோண்டாவில் பக்கம். அம்மாவின்ர அப்பா மலாயாவில வேலை செய்து பென்ஷனோட வந்து கட்டின வீடு, 1934. சுண்ணாம்புக்கல்லுச் சுவர், சுண்ணாம்புச் சாந்து, மேல பனந்தீராந்தி, பனஞ்சிலாகை, ஓடு. நடுவில முத்தம். 95 இடப்பெயர்வில விட்டிட்டுப் போய் அடுத்த வருசம் வந்து பாக்கேக்க கூரை ஒரு பக்கம் இறங்கிப்போய்க் கிடந்தது, அப்ப கையில இருந்த காசுக்கு ஏதோ முண்டு குடுத்து வைச்சதுதான், அதுக்குப் பிறகு ஒவ்வொரு மாரிக்கும் வாளி வைக்கிற சீவியம்.

நாலு வருசத்துக்கு முதல் லண்டனில இருக்கிற அண்ணா காசு அனுப்பி விறாந்தையையும் முன் ஹோலையும் ஒரு பாத்ரூமையும் செய்விச்சம். தெரிஞ்ச ஆள், ஊர் ஆள், மேற்பார்வைக்கு ஒருத்தரும் தேவையில்லை எண்டு அண்ணாவும் சொன்னவர். அந்த மனுசன் பழைய சுண்ணாம்புப் பூச்சை எல்லாம் கொத்தி எறிஞ்சுபோட்டு சீமெந்தால வழுவழு எண்டு பூசித் தந்தவர், பாக்க அவ்வளவு வடிவு, வீடியோவில பாத்திட்டு அண்ணா அழுதிட்டார். எட்டு மாசம். அடுத்த மாரி முடிய சுவரின்ர கீழ் பக்கம் உப்புப் பூத்து, பெயின்ற் பொருக்குப் பொருக்கா எழும்பி, கையால தட்டினால் பலகை மாதிரிக் கழண்டு விழுகுது. பாத்ரூம் சிலாப்பின்ர அடியில நேர்கோடா துருக்கறை. ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால் "வீடு பழசு ரீச்சர், அது அப்பிடித்தான்" எண்டார். அந்த ஒரு சொல்லுத்தான் எனக்கு இண்டைக்கும் நெஞ்சில குத்திக்கொண்டிருக்கு, ஏனெண்டால் 80 வருசமா அந்தச் சுவர் ஒரு பிரச்சினையும் தரேல்லை.

நான் 31 வருசம் சரித்திரம் படிப்பிச்சனான். அப்பா பி.டபிள்யூ.டி. (அரசாங்கத்தின்ர பொது வேலைப் பகுதி) ஓவசியர், வேலையை மேற்பார்வை பாக்கிறவர். ரெண்டும் சேர்ந்ததாலயோ என்னவோ, இந்த முறை மிச்ச வீட்டைச் செய்யிற கதை வரேக்க எனக்கு முதல் வந்த கேள்வி, "வேலை செய்யிறவரே வேலை சரியெண்டு சொன்னால் ஆர் அதைப் பாக்கிறது" எண்டதுதான். வெள்ளைக்காரன் எங்களை ஆண்ட விதத்தில எனக்குக் கோபம் நிறைய இருக்கு, ஆனா வேலைத்தலத்தில அவன் ஒரு விசயத்தில தெளிவா இருந்தவன்: கட்டுறவர் வேற, கட்டினது சரியோ எண்டு பாக்கிறவர் வேற. கொழும்பு மியூசியத்தை எடுங்கோ, பிளான் போட்டது அரசாங்கத்துக் கட்டடக் கலைஞர் ஸ்மிதர், கட்டினது வாப்பிச்சி மரிக்கார். எங்கட யாழ்ப்பாணம் மணிக்கூட்டுக் கோபுரமும் அதே ஸ்மிதரின்ர பிளான்தான், 1882. அதைத் தாண்டி நாளுக்கு எத்தினை பேர் போறம், ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கிறதில்லை.

ரயில் பாதைக் கதைதான் இதுக்கு இன்னும் நல்ல உதாரணம், அண்ணாவுக்கு வட்சப்பில நான் இதைத்தான் சொல்லி மடக்கினனான். கொழும்பில இருந்து கண்டிக்கு ரயில் விடோணும் எண்டு இங்கிலாந்தில இருந்து கப்டன் மூர்சம் எண்ட எஞ்சினியரை அனுப்பினவை. அவர் ஆறு பாதையைப் பாத்து, மூண்டாவது நல்லது, 8,56,557 பவுண் முடியும் எண்டு 1857இல அறிக்கை குடுத்திட்டார். கடைசிப் பவுண் வரைக்கும் கணக்கு. அடுத்த வருசம் வேலையும் துடங்கியாச்சு. டொய்ன் எண்டவர் வந்து நிலத்தில நிண்டு வேலையைப் பாக்கேக்கதான் அந்தக் காசுக்கு இது முடியவே முடியாது எண்டு தெரிய வந்தது. 1861இல ரயில்வேக் கொம்பனியோட இருந்த ஒப்பந்தத்தையே முறிச்சு, அரசாங்கம் வேலையைக் கையில எடுத்து, மோல்ஸ்வேர்த் எண்டவரைத் தலைமை எஞ்சினியரா வைச்சது. லண்டனில இருந்த கிரவுண் ஏஜன்ற்ஸ் இலங்கை அரசாங்கத்துக்காக கேள்விப்பத்திரம் பாத்து ஃபேவியல் எண்ட கொந்தராத்துக்காரருக்கு வேலையைக் குடுத்தவை. எஞ்சினியர் ஒராள், கொந்தராத்துக்காரர் ஒராள். அதுக்குப் பிறகுதான் வேலை ஓடினது, 1867இல கண்டிக்கு ரயில் போட்டுது. (அது கோப்பி ஏத்த. யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்கு ரயிலில போக எங்கட சனம் 1905 வரைக்கும் பாத்துக்கொண்டிருக்க வேண்டி வந்தது, அது வேற கதை.)

அண்ணா கேட்டது ஒரே ஒரு கேள்விதான், "அப்ப எங்கட கொன்ராக்ரர் மூர்சமோ டொய்னோ?" நான் சொன்னன், வீடியோவைப் பாத்து எஸ்டிமேற் தாற எல்லாரும் மூர்சம்தான் அண்ணா, முதல்ல சுவரைத் தட்டிப் பாக்கிற ஒராளைப் பிடிப்பம் எண்டு.

தட்டிப் பாக்கிறது எண்டு சொன்னது உண்மையாவே அப்பிடித்தான் நடந்தது. எஞ்சினியர் முதல் நாள் வந்தவர் தேத்தண்ணி குடிச்சிட்டு அந்தக் கரண்டியையே கையில எடுத்துக்கொண்டு எழும்பினவர். கரண்டிக் காம்பால ஹோல் சுவரை ஒரு சாணுக்கு ஒரு தரம் தட்டிக்கொண்டு போறார், டக் டக் எண்டு கேக்குது, திடீரெண்டு டொப் எண்டு கேக்குது, அந்த இடத்தைப் பென்சிலால வட்டம் போடுறார். முக்கால் மணித்தியாலத்தில என்ர ஹோல் முழுக்க வட்டம். பிறகு நாங்கள் தொடாத பழைய அறைக்குள்ள போய்த் தட்டினவர், அங்க ரெண்டே ரெண்டு வட்டம். "ரீச்சர், பழைய சுவர் மூச்சு விடுற சுவர். நிலத்தில இருந்து ஏறுற ஈரம் சுண்ணாம்புக்குள்ளால வெளிய வந்து காஞ்சு போயிடும். நீங்கள் சீமெந்தால மூடினதால ஈரம் உள்ளுக்க நிண்டு உப்பைத் தள்ளுது" எண்டார். நாலு வருசமா வீடு பழசு, வீடு பழசு எண்டு எல்லாரும் சொன்ன வருத்தத்துக்கு ஒராள் காரணம் சொன்னது அண்டைக்குத்தான்.

கூரையிலயும் ஏறினவர், 50 வயசு தாண்டின ஆள். தீராந்தி சுவருக்குள்ள போற நுனியை ஸ்குறூட்றைவரால குத்திப் பாத்தவர். வெளியில கறுத்த வைரம் கல்லு மாதிரிக் கிடக்கு, சுவருக்குள்ள இருக்கிற பக்கம் கறையான் திண்டு பிடி வரைக்கும் இறங்கிது. பதினொரு தீராந்தியில நாலுதான் மாத்தோணும் எண்டு எழுதித் தந்தார். இதுக்கு முதல் வந்து பாத்த ரெண்டு கொன்ராக்ரர்மாரும் கூரையை முழுக்கக் கழட்டி இரும்பும் அமானோ தகரமும் போடச் சொன்னவை. இந்த ஒரு அறிக்கையிலயே அவற்ற பீஸ் எங்களுக்குத் திரும்பி வந்திட்டுது எண்டுதான் நான் நினைக்கிறன்.

பீஸ் பற்றிச் சொல்லோணும், கனபேர் இன்பொக்சில கேட்டிருந்தீங்கள். மொத்த வேலை எஸ்டிமேற் 82 லட்சம், இவருக்கு 3 லட்சத்து 80 ஆயிரம், மாசாமாசம் பிரிச்சுக் குடுக்கிறது. செலவில நூற்றுக்கு இவ்வளவு எண்டு வாங்கிற முறைதான் பொதுவா இருக்கு, நான் அதுக்கு ஒத்துக்கொள்ளேல்லை. செலவு ஏற ஏற பீஸும் ஏறும் எண்டால், எவ்வளவு நேர்மையான மனுசனா இருந்தாலும் செலவைக் குறைக்கச் சொல்லி நாங்கள் அவரைக் கேக்கிறது சரியில்லை எண்டது என்ர எண்ணம். அவர் கொஞ்சம் யோசிச்சுப்போட்டு ஓம் எண்டார். கடிதம் ஒண்டு எழுதினம், ஒரே பக்கம். கிழமைக்கு ரெண்டு தரம் ஆர் வாறது, கொங்கிறீற் போடுற நாளில ஆர் நிக்கிறது, அவர் கையெழுத்து வைக்காமல் கொன்ராக்ரருக்கு ஒரு சதமும் போகாது, கொன்ராக்ரரிட்ட இருந்தோ கடைக்காரரிட்ட இருந்தோ அவர் எந்தக் கொமிஷனும் வாங்கக்கூடாது. இந்தக் கடைசி வரியை எழுதேக்க எனக்குக் கூச்சமா இருந்தது, அவர் தானே வாங்கி தன்ர பேனையால இன்னும் கடுமையா எழுதித் தந்தவர்.

ஆளைத் தேடுறவைக்கு: எஞ்சினியரிங் கவுன்சிலில பதிவு கிடக்கா எண்டு கேளுங்கோ, 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அது இருக்கு. கொன்ராக்ரருக்கு சிடா (CIDA, அரசாங்கத்தின்ர கட்டட நிர்மாணத்துறை அதிகாரசபை) பதிவும் தரமும் கேளுங்கோ. ரெண்டு பேரும் சொந்தக்காரரோ கூட்டாளியளோ எண்டு ஊருக்குள்ள விசாரியுங்கோ, எங்கட ஊரில இது பத்து நிமிச வேலை.

வேலை நடக்கேக்க அவர் செய்ததில ரெண்டு விசயம் மறக்கேலாது.

ஒண்டு தண்ணி. எங்கட கிணத்துத் தண்ணி குடிக்கக் கொஞ்சம் சவர்தான், ஆனா சாந்து குழைக்கக் காணும் எண்டு மேசன்மார் வாளியைப் போட்டிட்டினம். இவர் ஒரு போத்தலில எடுத்துக்கொண்டு போய்ச் சோதிப்பிச்சு, கம்பி போடுற வேலைக்கு இந்தத் தண்ணி வேண்டாம், பவுசரில எடுங்கோ எண்டு நிப்பாட்டினவர். மேசன்மாருக்குச் சரியான கோபம். ஆனா பழைய பாத்ரூம் சிலாப்பை இடிக்கேக்க உள்ளுக்க இருந்த கம்பியை எடுத்து எல்லாற்ற கையிலயும் குடுத்தவர், பெருவிரல் தடிப்பில துருப் பொருக்கு, அதை உரிச்சால் உள்ளுக்க கம்பி பென்சில் கூரளவுக்கு மெலிஞ்சுபோய்க் கிடந்தது. உப்புத் தண்ணியும் கடல் மணலும் சேர்ந்தால் இதுதான் கதி. அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கேல்லை, தலைமை மேசன் தன்ர வீட்டுக் கிணத்துத் தண்ணியையும் ஒரு போத்தலில கொண்டு வந்து குடுத்தவர்.

மற்றது குசினிச் சிலாப். விடியக் கொங்கிறீற், முதல் நாள் பின்னேரம் ஆறரைக்கு மழை தூறுது, இவர் ரோச் லைட்டோட வந்து தட்டுப் பலகைக்கு மேல முழங்காலில நிண்டு பாக்கிறார். கம்பிக்கு அடியில வைக்கிற சீமெந்துக் கட்டி ஒரு பக்கம் முழுக்க இல்லை, கம்பி பலகையிலயே படுத்திருக்கு. அப்பிடியே போட்டிருந்தால் கம்பிக்குக் கீழ மூடாக்கு இல்லாமல் நாலஞ்சு வருசத்தில திரும்பவும் அதே துருக்கோடுதான். லொறிக்குச் சொல்லியாச்சு, ஆக்கள் வந்திட்டினம் எண்டு கொன்ராக்ரர் கெஞ்சினவர். இவர் சத்தம் போடேல்லை, "கட்டி வைச்சால் ஏழு மணிக்குப் போடலாம், வைக்காட்டி நான் கையெழுத்து வைக்கமாட்டன்" எண்டிட்டு அங்கேயே ஒரு சீமெந்து பாக்கில இருந்தவர். ராத்திரி ஒன்பதரை வரைக்கும் கட்டி வைச்சினம், நான் எல்லாருக்கும் இடியப்பம் அவிச்சுக் குடுத்தன்.

அப்பா இதைத்தான் சொல்லுவார். அவற்ற அளவுப் புத்தகத்தை நான் சின்னனில பாத்திருக்கிறன், மூலை எல்லாம் எண்ணெய் பிடிச்சு, ஒவ்வொரு பக்கத்திலயும் நீளம், அகலம், ஆழம், கீழ கையெழுத்து. அத்திவாரம் வெட்டினால் மண் போட முதல் அளக்கோணும், மூடினாப் பிறகு ஆண்டவனுக்கும் தெரியாது எண்டுவார். இந்த எஞ்சினியர் ஒவ்வொரு பில்லுக்கும் நாடாவைப் பிடிச்சு அளந்துதான் கையெழுத்து வைச்சவர். பூச்சு வேலை முதல் பில்லில 2,350 சதுர அடி எண்டு கிடந்தது, அளந்தால் 1,980. கதவு, யன்னல் கழிக்கேல்லை. கள்ளம் எண்டு நான் சொல்லேல்லை, அவையள் எப்பவும் அப்பிடித்தான் போடுறவையாம், ஒருத்தரும் கேக்கிறதில்லையாம். கொன்ராக்ரரும் முதல் மாசம் முகத்தைத் தூக்கினவர், பிறகு கையெழுத்து விழுந்த அடுத்த நாளே காசு வாறதைக் கண்டு சந்தோசமா வேலை செய்தவர். பேச்சு வார்த்தை இல்லை, கெஞ்சல் இல்லை.

இனி குறையள், அதையும் ஒளிக்கேல்லை.

நாலாம் மாசம், நல்லூர் திருவிழாக் காலம், அவர் வவுனியாவில வேற வேலை ஒண்டைப் பிடிச்சிட்டு எங்களுக்குத் தன்ர உதவிப் பெடியனை அனுப்பத் துடங்கினவர். நல்ல பெடியன், மரியாதையான பெடியன், ஆனா கொன்ராக்ரர் "இது சரிதானே தம்பி" எண்டால் "ஓம் அண்ணை" எண்டுற வயசு. அந்த மூண்டு கிழமைக்குள்ளதான் புது பாத்ரூம் நிலத்தின்ர வாட்டம் பிழைச்சது, தண்ணி குழிக்குப் போகாமல் கதவடிக்கு வருது. ரைல்ஸ் எல்லாம் ஒட்டி முடிய நான் ஒரு வாளி தண்ணி ஊத்திப் பாத்துக் கண்டுபிடிச்சது. கடிதத்தில ஆர் வாறது எண்டு எழுதியிருந்தபடியால் அதைக் காட்டிக் கேட்டன். மழுப்பாமல் தன்ர பிழை எண்டு ஒத்துக்கொண்டு, திரும்பச் செய்யிற செலவில பாதியைத் தன்ர பீஸில கழிச்சவர், மிச்சம் கொன்ராக்ரர். அந்த நேர்மை எனக்குப் பெரிசு, ஆனா பத்து நாள் போனது போனதுதான்.

இதில எல்லாரும் கவனிக்க வேண்டியது, பெரிய பேரை வைச்சாலும் நாளாந்தம் ஆர் நிக்கிறது எண்டதைக் கேளுங்கோ. கொழும்புத் துறைமுகத்தின்ர அலைதடுப்புக்கு சேர் ஜோன் கூட்தான் கொன்சல்ரிங் எஞ்சினியர், அந்தக் காலத்தில துறைமுக வேலையில அவரை மிஞ்ச ஆள் இல்லை, ஆனா அவர் இருந்தது லண்டனில. 1875இல வேல்ஸ் இளவரசர் வந்து முதல் கல்லை வைச்சிட்டுப் போயிட்டார், அந்த வருகையின்ர ஞாபகமாத்தான் எங்கட மணிக்கூட்டுக் கோபுரமே எழும்பினது. பிறகு வருசக்கணக்கா தென்மேல் காத்துக்கும் அலைக்கும் நடுவில நிண்டு 4,000 அடிக்கு மேல காங்கிறீற் கட்டியளை இறக்கிவிச்சது ஜோன் கைல் எண்ட வேலைத்தல எஞ்சினியர். அவற்ற பேர் எத்தினை பேருக்குத் தெரியும்? கூட்டும் வேணும், கைலும் வேணும். சின்ன வீட்டு வேலையில ரெண்டு பேரை வைக்க எங்களிட்டக் காசில்லை, அப்ப ஒராளே ரெண்டுமா இருக்கிறாரோ எண்டதைத்தான் பாக்கோணும்.

மற்றக் குறை, அறிக்கை எல்லாம் இங்கிலீஷ். அண்ணாவுக்கும் ரொறன்ரோவில இருக்கிற தங்கச்சிக்கும் அது வசதி, ஆனா வேலை செய்யிற மேசன் அதை வாசிக்கேலாது. நான்தான் ஒவ்வொண்டையும் தமிழில எழுதிச் சுவரில ஒட்டினன். சுண்ணாம்பு எத்தினை பங்கு, மணல் எத்தினை பங்கு, எத்தினை நாள் நனைக்கோணும் எண்டது வேலை செய்யிறவற்ற கண்ணுக்கு முன்னால கிடக்கோணும், லண்டன் மெயிலில இல்லை. இதை அவரிட்டயும் சொன்னனான், அடுத்த வேலையில இருந்து தமிழிலயும் தாறன் எண்டிருக்கிறார். ஏழு மணிக்குப் பிறகு போன் எடுக்கமாட்டார், அதை நான் குறையாச் சொல்லேல்லை, அவருக்கும் குடும்பம் இருக்கு.

அஞ்சுக்கு நாலு குடுக்கிறன். பாத்ரூம் நடந்திராட்டி அஞ்சும் குடுத்திருப்பன்.

வேலை ஐப்பசியில முடிஞ்சுது. கொன்ராக்ரருக்கு அஞ்சு வீதத்தைப் பிடிச்சு வைச்சிருக்கிறம், மாரி முடிஞ்சு பாத்துத்தான் குடுக்கிறதெண்டு அவற்ற கடிதத்திலயே இருக்கு. கார்த்திகையில ரெண்டு நாள் விடாமல் கொட்டின மழைக்கு ராத்திரி ரோச்சோட வீடு முழுக்க நடந்து பாத்தன். ஹோல் காஞ்சு கிடந்தது. சாமி அறை காஞ்சு கிடந்தது. பழைய கூரையும் புதுச் சிலாப்பும் சந்திக்கிற இடத்தில, குசினி வாசலுக்கு மேல, ஒரே ஒரு சொட்டு, நிமிசத்துக்கு ஒண்டு. போட்டோ எடுத்து எஞ்சினியருக்கு அனுப்பிப்போட்டுப் படுத்தன். விடிய ஏழு மணிக்கு ரெயின்கோட்டோட படலையில நிக்கிறார், பின்னால கொன்ராக்ரரின்ர ஆள் ஏணியோட. பீலியில ஒரு மூட்டுக்குப் பசை காணாதாம், அண்டைக்கே ஒட்டினவை. வாளியளைக் கழுவிக் கிணத்தடியில கவிட்டு வைச்சிருக்கிறன்.